எங்கள் மாடி வீட்டு ரீப்ளே

பால் பொங்கும்வரை அடுப்படியிலேயே நின்று பார்க்கிற பெண்கள் உண்டு. பொங்கி, இறக்கி, மூடியும் வைத்துவிட்டு, மாடிப்படியில் பாதி ஏறித் திரும்பி வந்து, மூடியைத் தூக்கி, பொங்கித்தான் இருக்கிறதா என்று பார்க்கிற பெண்ணை நான் ஒருத்தியைத்தான் கண்டிருக்கிறேன். அவள் வீட்டில் கேஸ் தீர்ந்துபோகிற நாட்களில் என் அடுப்பில்தான் பால் காய்ச்சுவாள்.

"பொங்குனதத்தான் நீயே பாத்தியேடி?"

"பாத்தேன் அத்தை. இருந்தாலும் இன்னொருக்கா பாத்துருவோம்னு வந்தேன்."

திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம் ஒரு கிராமம். காலேஜ் முடித்த கையோடு மதுரைக்கு வந்து, காலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் கபடி கபடி என்று அலைந்தாள். விளையாட அல்ல. விளையாட்டுச் செய்தி போடுகிற வேலைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். விளையாட்டுச் செய்தி என்றால் பேப்பரில் கடைசிப் பக்கம் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். இப்போதெல்லாம் போனிலேயே பக்கம் வைத்து, போனிலேயே படம் பிடித்து, போனிலேயே ஊருக்குச் சொல்கிறார்கள் என்பது இந்தப் பிள்ளை வந்துதான் எனக்குத் தெரியும்.

அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களும் இல்லை. என் வீட்டுக்காரர் வைத்த பேர்தான் நிலைத்தது. மாடிப்படி வாசல் பூட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அதற்குள் பஸ் போய்விடும். இவர் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார்.

"என்ன ரீப்ளே, பஸ் போயிருச்சா?"

"அடுத்தது வரும் மாமா."

"பூட்டு?"

"பூட்டித்தான் இருக்கு."

"அத நாந்தான் இங்கன உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேனே!"

அவள் சிரித்துக்கொண்டே ஓடுவாள். கோபமே வராது அந்தப் பிள்ளைக்கு.

ஆரம்பத்தில் அவளிடம் ஒரு போன் மட்டும்தான். கிராமத்துக் கபடிக் களங்களில் ஆம்பளைகள் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுகொள்வார்கள். அதற்கு மேலே எட்டி எப்படிப் படம் பிடிப்பது? என் வீட்டு ஒட்டடைக் கம்பைக் கேட்டு வாங்கினாள். நுனியில் இருந்த கட்டைப் பிரித்துவிட்டு, போனைத் துணியால் சுற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள். அந்தக் கம்போடு திருமங்கலம் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர், "எந்த வீட்டு ஒட்டடம்மா அடிக்கப் போற?" என்றாராம். "நீங்க டிக்கெட்டக் குடுங்கண்ணே, கம்புக்குத் தனியாக் கேக்காம இருந்தாச் சரி" என்றாளாம். வந்து அதை நடித்துக்காட்டினாள். அந்த வருடம் பொங்கலுக்கு நான் வேறு ஒட்டடைக் கம்பு வாங்க வேண்டியதாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தவறாமல் நான் திருப்பரங்குன்றம் போவேன். ஒருநாள் என்னோடு வந்தாள். தைப்பூசம் நெருங்குகிற சமயம், நல்ல கூட்டம். வரிசையில் நெருக்கித் தள்ளி, கும்பிட்டு, திருநீறு வாங்கி வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். ரொம்ப நேரம் கழித்து, வியர்த்து வழிய வந்தாள். வரிசையில் திரும்பவும் முதலிலிருந்து நின்றிருக்கிறாள்.

"ஏண்டி, சாமிய ஒருக்கா பாத்தாப் பத்தாதா?"

"மொதத் தடவ முன்னாடி நின்னவரு தலையத்தான் அத்தை பாத்தேன். இப்பத்தான் சாமியப் பாத்தேன்."

அதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பஞ்சாமிர்தத்தை நக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் இந்தக் கோயிலுக்கு வருகிறேன். எத்தனை தடவை என் அப்பன் முருகன் முகத்தைப் பார்த்திருப்பேன், எத்தனை தடவை முன்னால் நின்றவர் தலையைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு திரும்பியிருப்பேன்? அதற்குப் பிறகு நானும் கூட்டத்தில் அவசரப்படுவதில்லை.

அவள் எப்போதும் சரியாகத்தான் சொன்னாள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை பெண்பிள்ளைகள் கபடியில், போர்டில் எழுதிய புள்ளி தப்பு, தன் வீடியோவில் இருப்பதுதான் சரி என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அதையே பக்கத்தில் போட்டும் விட்டாள். போட்டதும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் போய், புள்ளி எழுதிய டீச்சரைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். போர்டுதான் சரி. இவள் கம்பை மாற்றிப் பிடித்த நேரத்தில் ஒரு பிள்ளை அவுட் ஆனது வீடியோவில் விழவேயில்லை. போட்டதை எடுத்துவிட்டு, தப்பு என்னுடையது என்று எழுதிப் போட்டாள்.

என் வீட்டுக்காரர், "உன் பக்கத்தப் பாக்குறதே நாலு பேரு. அதுல ரெண்டு பேரு நாங்க. யாருக்கு இந்த மன்னிப்பு?" என்றார்.

"அந்த நாலு பேருக்குத்தான மாமா தப்பாச் சொன்னேன்?"

இந்தப் பிள்ளை இந்தத் தொழிலில் எப்படிப் பிழைக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கும். போனில் நான் பார்த்தவரை, யார் முதலில் சொன்னார்கள் என்பதுதான் அங்கே கணக்கு. ஆட்டம் முடிவதற்குள் ஜெயித்தவர் பேரைப் போட்டுவிடுகிறார்கள். இவளோ ஊரெல்லாம் மறந்தபிறகு, பொறுமையாக, யார் எந்த ரெய்டில் யாரைத் தொட்டார் என்பதுவரை சரிபார்த்துப் போடுவாள். தோற்ற அணியில் நன்றாக ஆடிய பையன் பேரும் அதில் இருக்கும். ஆடியவர்கள் மட்டும் அதைத் தேடிவந்து பார்ப்பார்கள்.

அவள் அப்பாவுக்கும் கவலை இருந்தது. மானாவாரிக் காடு வைத்துப் பருத்தி போடுகிற மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் பையில் பருத்திக்காட்டுத் தட்டைப்பயறு கொண்டுவருவார். என்னைத் தங்கச்சி என்பார். அந்தச் சித்திரைக்கு முன்னால் வந்தவர் என்னிடம் சொன்னார்:

"டி. கல்லுப்பட்டியில ஒரு பள்ளிக்கூட ஆபீசுல எடம் சொல்லி வச்சிருக்கேன் தங்கச்சி. அவக அம்புட்டு நாளைக்கு வச்சிருக்க மாட்டாக. சித்திரை முடியுறதுக்குள்ள இதுல நெலையா ஒண்ணு அமையலைன்னா, பிள்ளையக் கூட்டிட்டுப் போயிர்றேன். நீங்களும் எடுத்துச் சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு "சரிப்பா" என்றாள். அன்றைக்கு அவர் போன பிறகு பூட்டைப் பார்க்கக்கூட அவள் கீழே வரவில்லை.

என் அப்பன் முருகன் வழிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சித்திரை பாதியில் சென்னையிலிருந்து ஒரு அழைப்பு. டிவியில் வராமல் போனில் மட்டும் வருகிற ஒரு விளையாட்டுச் சேனல். ஒரு வாரம் வீட்டிலிருந்தபடியே மதுரை வட்டாரத்து விளையாட்டுச் செய்திகளை அவர்கள் பக்கத்தில் அவள் போட வேண்டும். ஒத்துவந்தால் வேலை. மாடி அனலாகக் கொதித்ததால் எங்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாயை விரித்து உட்கார்ந்துகொண்டாள். நான் சாமி அறையில் விளக்கேற்றி, வேலை கிடைத்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவளிடமிருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம்.

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு கட்டிலில் ஒரு பையன் மல்லாக்கப் படுத்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது. நெற்றி நிறையத் திருநீறு. நெஞ்சின் மேல் ஒரு பெரிய மாலை. பக்கத்தில் யாரோ ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்து அழுகிறாள். கபடி பனியன் போட்டிருக்கிறான். டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் காளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்கு நடந்த ஆட்டத்தில், எதிரணிப் பக்கம் பாடிப்போன இடத்தில் சுருண்டு விழுந்து செத்துப்போனான் என்று கீழே எழுதியிருந்தது. மெழுகுவர்த்திப் படம், கும்பிட்ட கைப் படம்.

"இது செல்லப்பாண்டி அண்ணே. எங்க ஊருக்கு அடுத்த ஊரு. எங்கப்பாவுக்குச் சொந்தம்" என்றாள்.

நான் கீரையை அப்படியே போட்டுவிட்டு, "முருகா, பெத்தவ என்ன பாடுபடுவாளோ" என்று அழுதுவிட்டேன்.

போன் அடித்தது. சென்னைக்காரர். ஸ்பீக்கரில் போட்டாள். "எல்லா பேஜும் போட்டாச்சு. நீ இன்னும் என்னம்மா பண்ற?"

"சார், இன்னும் உறுதியாகல."

"உறுதியானதப் போடத்தான் நாளைக்குக் காலையில பேப்பர் வருது. நமக்கு இப்ப வேணும். உன் ஏரியா இது. நீதான் முதல்ல போட்டிருக்கணும்."

"போன்ல கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்தாள். விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கலங்கலாகத் தெரிந்தது.

"இது என்ன அத்தை?"

"துண்டு மாதிரி இருக்கு."

"ஏன் கலங்கித் தெரியுது? துண்டு ஆடுது. யாரோ விசிறுறாங்க. செத்தவருக்கு எதுக்கு விசிறணும்?"

"அப்பிடிச் சொல்ல முடியாதுடி. சாவு வீட்டுல ஈ ஒக்காராம விசிறத்தான் செய்வாக."

"ஆமால்ல" என்றாள். முகம் வாடிவிட்டது. "அப்ப இத வச்சுச் சொல்ல முடியாது."

செல்லப்பாண்டிக்கும் ஆட்டம் நடத்துகிறவர்களுக்கும் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் படத்தைப் பெரிதாக்கினாள். கட்டிலுக்குப் பின்னால் ஒரு மரம், மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர். அதன் வாயில் மைக் செட்டுக்காரர் பேரும் போன் நம்பரும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் படித்து அடித்தாள். சென்னைக்காரர் குறுக்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அலோ! யாரு? சத்தமாப் பேசுங்க, பாட்டு ஓடுது!"

"அண்ணே, செல்லப்பாண்டி அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"வெயிலுல கிறங்கி விழுந்துட்டான். பூசாரி வந்து அம்மன் கழுத்து மாலையப் போட்டுத் திருநீறு பூசிவிட்டாரு. கண்ணு முழிச்சிட்டான். இந்தா, சோடாக் குடிச்சிட்டு இருக்கான். குடுக்கவா?"

அம்மன் மாலை! அந்தப் பக்கத்துக் கோயில்களில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் சாமி மேலிருக்கிற மாலையைத்தான் கொண்டுவந்து போடுவார்கள். எனக்கே தெரியும். எங்கள் மாமியாருக்கு ஒருதடவை போட்டிருக்கிறார்கள். ஆனால் படத்தில் பார்த்தபோது எனக்கு அது தோன்றவேயில்லை. மாலையும் திருநீறும் மூடிய கண்ணும் சேர்ந்து வந்ததும் மனசு வேறு எதையும் யோசிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றப் போட்ட மாலையை எல்லாருமாகச் சேர்ந்து சாவு மாலையாக்கிவிட்டோம்.

மைக் செட்டுக்காரர் போனைக் கைமாற்றினார். "யாருப்பா?" என்று ஒரு களைத்த குரல்.

"அண்ணே, வீட்டுக்குப் பேசிட்டீங்களா?"

"எதுக்கு? நாந்தான் நல்லா இருக்கேன்ல?"

"ஊரு பூராம் நீங்க செத்துட்டீங்கண்ணே. போன்ல போட்டிருக்காங்க."

"எப்ப?" என்று கேட்டான்.

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "மொதல்ல அம்மாட்ட பேசுங்கண்ணே. முகத்தக் காட்டிப் பேசுங்க. அவங்க பாத்த பெறகு என்னைக் கூப்புடுங்க" என்று வைத்துவிட்டாள்.

"ஏண்டி, அவன் பேசுறத அப்பவே பிடிச்சு நீ போட்டிருக்கலாமே? வேலை உறுதியாகியிருக்குமே?"

"அவங்கம்மா அத என் பக்கத்துலயா அத்தை வந்து பாக்கணும்?"

அதற்குள் அவள் அப்பா கூப்பிட்டார். பஸ் இரைச்சல் கேட்டது. "பாப்பா, நம்ம செல்லப்பாண்டி போயிட்டானாம்ல. துட்டிக்குப் போயிட்டு இருக்கேன்."

"அப்பா, எறங்குங்க. அவரு நல்லா இருக்காரு. இப்பத்தான் பேசுனேன்."

"வெளையாடாத. எல்லாத்துலயும் போட்டிருக்கான். நீ வேல பாக்குற அந்தப் பக்கத்துல மட்டுந்தான் இல்ல."

"நான் போடலப்பா. உசுரோட இருக்கவர எப்பிடிப்பா போடுறது?"

அவர் போனை வைத்துவிட்டார்.

செல்லப்பாண்டி திரும்பக் கூப்பிட நேரமாகிவிட்டது. அவன் அம்மா விடவில்லையாம். போனில் அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். அதற்குள் மைக் செட்டுக்காரரே அவன் சோடா குடிப்பதைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பி, அது எல்லாப் பக்கத்திலும் வந்துவிட்டது. சென்னைக்காரர் கடைசியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. "செத்ததையும் நாம போடல, பொழச்சதையும் நாம போடல. அப்புறம் நீ எதுக்கும்மா?" என்றார். நாளையிலிருந்து வேண்டாம் என்றார். அவள் "சரி சார்" என்றாள். பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நான் சிந்திய கீரையைப் பொறுக்க உட்கார்ந்தாள். அவளோடு சேர்ந்து நானும் பொறுக்கினேன். சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முருகனிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வேலை போனதை ராத்திரியே போனில் சொல்லியிருந்தாள். மறுநாள் காலையிலேயே அப்பா வந்துவிட்டார். கையில் காலிச் சாக்குகள், ஒரு சுருள் கயிறு. சாமான் கட்ட வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அவள் மாடியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கூடத்தில் வைத்தாள். நான் காப்பி கொடுத்தேன்.

"நேத்துப் பெரிய கூத்தாப் போச்சு தங்கச்சி" என்றார். "மால வேற வாங்கிட்டேன். பாப்பா சொன்னதும் பாதி வழியில எறங்கிட்டேன். இப்ப அந்த மாலைய என்ன செய்யிறது? பொணத்துக்கு வாங்குனது, சாமிக்குப் போட முடியாது. உசுரோட இருக்கவன் கழுத்துல போட முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோனா எங்க வீட்டுக்காரி என்னையத் தள்ளிவச்சிருவா. பஸ் ஸ்டாப்புல கையில மாலையோட முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். வாரவன் போறவன்லாம் யாரு அண்ணே போயிட்டாகங்குறான். நல்லவேளை, ஒரு ஆடு வந்துச்சு."

என் வீட்டுக்காரர் காப்பி புரையேறச் சிரித்தார். அவள்கூடச் சிரித்தாள்.

"மாலையோட உள்ள போயிருந்தேன்னு வைங்க, அவன் ஆத்தா மொகத்துல எப்பிடி முழிச்சிருப்பேன்?" என்றவர், மகளைப் பார்க்காமல் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. அவர்கள் ஊர்க் கபடி அணிப் பையன். பேசுவது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"பெரியப்பா, செல்லப்பாண்டி விழுந்ததால இனிமே எங்கயும் கபடி ஆடக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களாம். குரூப் பூராம் அதான் ஓடுது. நாங்க வேன் ஏறி நிக்கிறோம். போகவா, எறங்கவா? அக்கா சொல்லட்டும். நேத்து அது ஒண்ணுதான தப்பாச் சொல்லல."

அப்பா போனை மகளிடம் நீட்டினார். "நம்ம ஊருப் பயலுக பாப்பா. ஒன்னத்தான் கேக்குறாங்க."

அவள் கையிலிருந்த குக்கரைக் கீழே வைத்தாள். "எறங்காதீங்கடா, அப்பிடியே இருங்க. கேட்டுச் சொல்றேன்" என்று, கட்ட வைத்திருந்த சாக்கின் மேலேயே உட்கார்ந்தாள். ஆட்டம் நடக்கிற ஊர்த் தலைவரைக் கூப்பிட்டாள். அந்தச் சரகத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினாள். அவர்கள் சொன்னதை வேறொருவரிடம் கேட்டு ஒத்துப்பார்த்தாள். தடை எதுவும் இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டத்தை ஆரம்பிக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். பையன்களுக்குச் சொன்னாள். அதையே தன் பக்கத்தில் எழுதிப் போட்டாள். போட்ட கையோடு வேறொரு ஊர் அணியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் அதே சந்தேகம். அப்புறம் இன்னொன்று. யார் நம்பர் கொடுத்தார்களோ, போன் ஓயவில்லை.

சுற்றிப் பாத்திரங்கள் கிடக்க, சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போக வேண்டிய பஸ் போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டபோது, சத்தம் போடாதீங்க என்பதுபோல் கையைக் காட்டினார்.

மத்தியானத்துக்கு மேல் மெதுவாக எழுந்தார். மிச்சமிருந்த சாக்குகளை மட்டும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மகள் உட்கார்ந்திருந்த சாக்கை அப்படியே விட்டுவிட்டார். கயிற்றை எடுத்துப் பையில் போட்டார். வாசலுக்கு வந்தவரிடம் நான், "என்ன அண்ணே, பிள்ளையக் கூட்டிட்டுப் போகலையா?" என்று கேட்டேன்.

"வேல பாத்துக்கிட்டு இருக்குல்ல தங்கச்சி" என்றார் தாழ்ந்த குரலில். "பாதியில எப்பிடி எந்திரிக்கச் சொல்றது?"

செருப்பைக் காலில் போட்டால் சத்தம் கேட்கும் என்று, அதைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவரைக்கும் வெறுங்காலோடு நடந்து போனார்.